சமையலறைக்கு நடுவே ஒரு தீவு

பதினோரு வருடமாக ஜாஹிதா சமையலறையை இடித்துக் கட்ட வேண்டும் என்று கேட்டுக்கொண்டிருந்தாள். பதினோரு வருடமாக அவள் கணவர் பாவாவும் "சீசன் முடியட்டும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கொடைக்கானலில் சீசன் முடிந்தால் மழை வரும், மழை முடிந்தால் பனி வரும், பனி முடிந்தால் மறுபடியும் சீசன் வந்துவிடும். ஆகவே பாவா ஒருநாளும் பொய் சொன்னவர் ஆகவில்லை.

மூஞ்சிக்கல்லில் பாவாவுக்கு சாக்லேட் கடை. ஒரிஜினல் ஹோம்மேட் சாக்லேட் தங்களிடம் மட்டுமே கிடைக்கும் என்று போர்டு வைத்திருக்கும் ஏராளமான கடைகளில் அதுவும் ஒன்று. கடைக்குப் பின்புறம் சரிவில் இறங்கும் சந்தில் வீடு. பிள்ளைகள் படிப்பு, வேலை, கல்யாணம் என்று மலையிறங்கிப் போய்விட்டார்கள். ஆனாலும் கடையில் வேலை செய்யும் நான்கு பேருக்கும் மதியச் சாப்பாடு வீட்டிலிருந்துதான் போக வேண்டும் என்பதால், ஜாஹிதா தினமும் ஆறு பேருக்குச் சமைத்தாள்.

அந்தச் சமையலறையைக் கட்டியவர் அவளுடைய மாமனார். தண்ணீர்க் குழாய் ரோட்டுப் பக்கமிருந்து வந்ததால் தொட்டியை அந்தக் கோடியில் வைத்தார். புகை பள்ளத்தாக்குப் பக்கம் போகட்டும் என்று அடுப்பை இந்தக் கோடியில் வைத்தார். நடுவில் ரயில் பெட்டி மாதிரி ஒரு நீளம். தொட்டியிலிருந்து அடுப்புக்குப் பதினான்கு எட்டு வைக்க வேண்டும். மேடையின் உயரத்தை ஆறடி மனிதரான அவர் தன் இடுப்பை வைத்தே அளந்தார். ஒரு டம்ளர் தண்ணீர் எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் அவர் அந்த அறைக்குள் வந்ததில்லை என்றாலும், அந்தத் தண்ணீரை மிக வசதியாக எடுத்தார். ஐந்தடி உயரமுள்ள ஜாஹிதா இருபத்தெட்டு வருடமாகக் குதிகாலைத் தூக்கி நின்று வெங்காயம் நறுக்கினாள். கழுவிய அரிசியோடு அவள் நடந்த தூரத்துக்குப் பழனி வரைக்கும் பலமுறை போய்த் திரும்பியிருக்கலாம்.

போன ஜூன் மாதம் பாவா கோயம்புத்தூரில் ஒரு வியாபாரியின் புது வீட்டுக்கு விருந்துக்குப் போனார். அங்கே சமையலறைக்கும் ஹாலுக்கும் நடுவில் சுவர் இல்லை. அறையின் மத்தியில் ஒரு பெரிய வெள்ளைக் கல் மேடை. பாவா அதில் முழங்கையை ஊன்றிக்கொண்டு நின்றபடியே இரண்டு பிஸ்கட் தின்றார். அந்த இரண்டு பிஸ்கட் பதினோரு வருடத்து மனுவால் செய்ய முடியாததைச் செய்துவிட்டன.

"ஜாஹிதா, நம்ம கிச்சன இடிச்சுக் கட்டுனா என்ன?" என்றார் வந்து இறங்கிய அன்றைக்கே.

"நல்ல யோசனைங்க. எப்படித்தேன் ஒங்களுக்குத் தோணுச்சோ" என்றாள்.

பாவா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

திட்டம் போட்டுக் கொடுக்க அவருடைய தங்கை சாஹிராவின் கணவன் காலித் திண்டுக்கல்லிலிருந்து வந்தான். சார்ஜாவில் ஏழு வருடம் திரைச்சீலைக் கடையில் இருந்துவிட்டு, ஊர் திரும்பியதும் 'இன்டீரியர் கன்சல்டன்ட்' ஆனவன். ஏழு வருடம் ஜன்னலை மறைத்தவனுக்குச் சுவரைப் பற்றித் தெரியாமலா இருக்கும்? அவன் மடிக்கணினியைத் திறந்து ஒரு படத்தைக் காட்டினான். உண்மையான போட்டோ போலவே இருந்தது. வெள்ளைக் கல் தீவு. அதன் மேல் ஒரு கண்ணாடிக் கிண்ணத்தில் மூன்று பச்சை ஆப்பிள். ஒரு பொட்டு எண்ணெய் இல்லை, ஒரு கரித்துணி இல்லை, சமைக்கிற ஆளும் இல்லை.

"இதுல அடுப்பு எங்க தம்பி?" என்று கேட்டாள் ஜாஹிதா.

"இந்தா, இந்தக் கருப்புக் கண்ணாடிதான்க்கா. இன்டக்ஷன். கேஸெல்லாம் ஓல்டு. அடுப்பு, சிங்க், ஃபிரிட்ஜ், மூணுக்கும் நடுவுல ஒரு முக்கோணம் வரணும். ஒர்க் ட்ரையாங்கிள்னு பேரு. வேர்ல்டு பூராம் இதுதேன் ஸ்டாண்டர்டு."

"மேல தலகீழா தொங்குதே, அது?"

காலித் பாவாவை ஒருமுறை பார்த்துக்கொண்டான். "ஜூஸ் கிளாஸ்க்கா."

இந்த இடத்தில் ஜாஹிதாவை ரொம்ப நல்லவளாகக் காட்டினால் கதை பொய்யாகிவிடும். படம் அவளுக்கும் பிடித்துப்போனது. பிடித்தது என்ன, மயங்கியே போனாள். சாஹிராவின் வீட்டில் கூட இப்படி ஒரு வெள்ளைக் கல் கிடையாது என்ற எண்ணம் அவளுக்குள் ஒரு மூலையில் இனித்துக்கொண்டிருந்தது. பச்சை ஆப்பிள் எங்கே கிடைக்கும் என்று கூட யோசித்துவிட்டாள்.

அன்றைக்கு அளவெடுக்க வந்திருந்தவர் காசிநாதன் கொத்தனார். கூடவே அவர் மனைவி லெட்சுமி. இருபது வருடமாக அவருக்குச் சித்தாளாகக் கலவை தூக்குகிறவள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து மலைக்கு வந்து குடியேறிய குடும்பம் அவளுடையது. அவள் பிறந்தது இங்கேதான் என்றாலும் அப்பா அம்மாவின் பேச்சு நாக்கில் ஒட்டிக்கொண்டிருந்தது. சமையலறையைக் குசினி என்பாள். வாசலோரம் டீ கிளாசோடு நின்றபடி எட்டிப் படத்தைப் பார்த்தாள்.

"அக்கா, இந்தக் குசினில கழுவுன பாத்திரத்த எங்க கவுத்துறது?"

"டிஷ்வாஷர் வரும்" என்றான் காலித்.

"அது எங்க இருக்கு?"

"அடுத்த ஃபேஸ்ல."

லெட்சுமி கழுத்தை நீட்டி இன்னொரு முறை படத்தைப் பார்த்தாள். பிறகு, "அடுப்புக்குப் பின்னால செவரு இல்லையே. தாளிச்சா ஹாலுக்கில்ல தெறிக்கும்? நாலு பக்கமும் சுத்தி வர வேண்டிக் கெடக்கே, கையில சுடுசோத்தோட ஏலுமாக்கா?" என்றாள்.

காசிநாதன் தரையைப் பார்த்தார். பாவா கூரையைப் பார்த்தார். காலித் புன்னகை செய்தான். படிப்பில்லாதவர்களிடம் பொறுமையாக இருக்க வேண்டும் என்று சார்ஜாவில் சொல்லிக் கொடுத்திருப்பார்கள் போல.

"அதெல்லாம் தம்பி பாத்துக்குவாரு லெட்சுமி. நீ டீயக் குடி" என்றாள் ஜாஹிதா.

லெட்சுமி டீயைக் குடித்தாள்.

ஜூலையில் சுவரை இடித்தார்கள். வேலை முடியும் வரை சமைக்க ஓர் இடம் வேண்டுமே என்பது யாருடைய படத்திலும் இல்லை. முந்தின நாள் மாலையில்தான் அது பாவாவுக்கு உறைத்தது. "ரெண்டு மாசம்தான, ஹோட்டல்ல வாங்கிக்குவோம்" என்றார். பிறகு ஆறு பேர், அறுபது நாள் என்று கொஞ்சம் யோசித்துவிட்டு, "பின்னால ஷெட்டு சும்மாதான கெடக்கு" என்றார்.

கொல்லையில் சாக்லேட் அட்டைப்பெட்டிகளை அடுக்கி வைக்கும் தகர ஷெட் அது. ஏழடிக்கு எட்டடி. லெட்சுமியும் ஜாஹிதாவும் பெட்டிகளை வெளியே தள்ளினார்கள். பழைய கதவு ஒன்றை எடுத்துவந்து லெட்சுமி இரண்டு இரும்பு டிரம் மேல் போடப் போனாள். போடுவதற்கு முன் நின்று, "அக்கா, இங்கன வந்து கையை மடக்கி நில்லுங்க" என்றாள். ஜாஹிதா நின்றாள். முழங்கைக்கு ஒரு சாண் கீழே கதவு வருகிற மாதிரி டிரம்முக்கு அடியில் செங்கலை எடுத்தும் வைத்தும் சரிபார்த்தாள். கதவின் இடது முனையில் ஒரு பழைய சிமெண்ட் தொட்டி, அதற்கு மேல் தோட்டத்து ஹோஸ் பைப். நடுவில் நறுக்க இடம். வலது முனையில் பழைய கேஸ் அடுப்பு, பின்னால் தகரச் சுவர். தலைக்கு நேரே இரண்டு ஆப்பிள் பெட்டிகளைக் கம்பியில் கட்டி உப்பு, புளி, மிளகாய் டப்பாக்களுக்கு அலமாரி. தொட்டிக்கு மேலே கம்பி வலை ஒன்றைச் சாய்த்துத் தொங்கவிட்டாள். அதில் கவிழ்த்த பாத்திரத்துத் தண்ணீர் தொட்டியிலேயே சொட்டியது. மொத்தம் அரைமணி நேரம். கணினி எதுவும் தேவைப்படவில்லை.

மறுநாள் ஜாஹிதா சோறு, பருப்பாணம், சவ்சவ் பொரியல், கருவாட்டுக் குழம்பு என்று வழக்கமாகச் செய்வதையெல்லாம் செய்துவிட்டு மணி பார்த்தாள். ஒன்பதே முக்கால். எதையோ மறந்துவிட்டோம் என்று பயந்து சட்டிகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தாள். எல்லாம் இருந்தது. எல்லாம் வெந்தும் இருந்தது. வழக்கமாக அவள் பதினொன்றரைக்குத்தான் முடிப்பாள், முடிக்கும்போது முழங்கால் இரண்டும் தனித்தனியாக வலிக்கும். இன்றைக்கு வலி எதுவும் இல்லாததும் ஒரு சங்கடமாக இருந்தது. அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ஒரு பேரிக்காயை முழுசாகத் தின்றாள். எதிரே பள்ளத்தாக்கிலிருந்து மேகம் ஏறிவந்து வேலியைத் தாண்டிக் கொல்லைக்குள் நுழைவதை, கல்யாணமாகி இந்த வீட்டுக்கு வந்த பிறகு முதல் தடவையாக, அடுப்பில் எதுவும் இல்லாமல் பார்த்தாள்.

இதிலிருந்து யாராக இருந்தாலும் ஒரு பாடம் படித்திருப்பார்கள். ஜாஹிதா படிக்கவில்லை. தகர ஷெட்டே இவ்வளவு வசதியாக இருந்தால் வெள்ளைக் கல் எவ்வளவு வசதியாக இருக்கும் என்றுதான் கணக்குப் போட்டாள்.

செப்டம்பர் கடைசியில் வேலை முடிந்தது. சாஹிராவும் காலித்தும் வந்தார்கள். பாத்திஹா ஓதி, புது அடுப்பில் பால் காய்ச்ச வேண்டும். ஜாஹிதா பாத்திரத்தை வைத்தாள். கருப்புக் கண்ணாடி மூன்று முறை கீச்சிட்டுவிட்டு அணைந்தது. அது பாத்திரம் சரியில்லை என்று அர்த்தமாம். வேறு பாத்திரம் வைத்தார்கள். அப்போது வெளியே மழை பிடித்தது, மழை பிடித்ததும் வழக்கப்படி கரண்ட் போனது. காலித் தொண்டையைச் செருமிக்கொண்டு, "இன்வெர்ட்டர்ல இது ஓடாது, லோடு ஜாஸ்தி" என்றான். பால் ஷெட்டில் காய்ந்தது. முந்தானையால் மழையை மறைத்துப் பொங்கிய பாலை ஜாஹிதா ஓட்டமாகக் கொண்டுவந்து தீவின் மேல் வைத்தாள். எல்லோரும் சுற்றி நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

அதற்கப்புறம்தான் அவள் அந்த அறையோடு குடித்தனம் நடத்த ஆரம்பித்தாள்.

முக்கோணத்தில் ஒரு குறையும் சொல்ல முடியாது. ஜன்னலோரம் சிங்க், எதிர்ச்சுவரில் ஃபிரிட்ஜ், தீவின் அந்தப் பக்கத்தில் அடுப்பு. மூன்று மூலையும் அச்சுப் பிசகாமல் இருந்தன. தீவுதான் நடுவில் நின்றது. எந்த மூலையிலிருந்து எந்த மூலைக்குப் போவதானாலும் அதைச் சுற்றித்தான் போக வேண்டும். மாமனார் கட்டியதில் பதினான்கு எட்டு. காலித் கட்டியதில் அடுப்புக்கும் சிங்க்குக்கும் பத்தொன்பது. ஃபிரிட்ஜோ மலையில் டிசம்பர் மாதம் சாமான்கள் விறைத்துப் போகாமல் இருக்க உள்ளே வைக்கும் பெட்டி. அதற்கு ஒரு மூலை ஒதுக்கியிருந்தார்கள். இருபத்திரண்டு டிராயர். ஒன்றுக்கும் கைப்பிடி கிடையாது, எல்லாம் ஒரே வெள்ளை. உப்பு எதில் இருக்கிறது என்று தேடி முடிப்பதற்குள் வெங்காயம் கருகியது. சிம்னி புகையை வெளியே அனுப்பியதோ இல்லையோ, மலைக்காற்றை ஒழுங்காக உள்ளே அனுப்பியது.

சுவர் இல்லாத புண்ணியத்தில் சமையல் முழுவதும் ஹாலுக்கே வந்தது. கருவாடு சோபாவில் குடியேறியது. மிளகாய் வறுத்த ஒரு ஞாயிற்றுக்கிழமை பாவா செய்தித்தாளுக்குப் பின்னால் இருமி இருமிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"வெளிய போய் ஒக்காருங்களேன்."

"எதுக்கு? இப்பதேன் நல்லாக் காத்தோட்டமா இருக்கு" என்றார்.

அவருக்கு வேறு வழியில்லை. மூஞ்சிக்கல்லில் கடை வைத்திருக்கும் அத்தனை பேரிடமும் அந்தச் சமையலறையைப் பற்றிச் சொல்லி முடித்திருந்தார். அவளுக்கும் வேறு வழியில்லை. பதினோரு வருடம் கேட்டு வாங்கியதை மூன்றாம் வாரமே குறை சொல்ல எந்த முகத்தை வைத்துக்கொள்வது?

"எப்படி, வசதியா இருக்குல்ல?" என்று கேட்பார் பாவா.

"ரொம்ப வசதிங்க. ஒங்களுக்கு?"

"எனக்கென்ன, பாக்குறவந்தான. பாக்க அம்சமா இருக்கு."

இப்படியாக இருவரும் நாகரிகமாக ஒருவரை ஒருவர் ஏமாற்றிக்கொண்டிருந்தார்கள். ஷெட்டை என்ன செய்வது என்று பேச்சு வந்தபோது, "பெருநாள் வரைக்கும் கெடக்கட்டும்" என்றாள். பெருநாளுக்கு ஆறு மாதம் இருந்தது. பாவாவும் ஏனோ வெரசா ஒத்துக்கொண்டார். அது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

எட்டரைக்கு அவர் கடைக்குக் கிளம்பியதும் ஜாஹிதா கொல்லைக்குப் போய்விடுவாள். ஷெட்டில் சமையலை முடித்து, சட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே கொண்டுவந்து கருப்புக் கண்ணாடி மேல் வரிசையாக வைப்பாள். கொஞ்சம் மஞ்சளை வெள்ளைக் கல்லில் இழுவி, பாதி துடைத்தும் துடைக்காமலும் விடுவாள். ஒரு டிராயரைத் திறந்து போட்டுவிடுவாள். பார்க்கிறவர்களுக்கு, பாவம் இந்தப் பெண் காலையிலிருந்து இங்கேதான் நின்றிருக்கிறாள் என்று தோன்றும்.

நவம்பரில் ஷெட்டில் சில மாற்றங்கள் தெரிந்தன. நேற்று கவிழ்த்து வைத்த கிளாஸ் இன்று நிமிர்ந்திருந்தது. டீத்தூள் வேகமாகக் குறைந்தது. சர்க்கரை டப்பாவின் மூடி கோணலாகக் கிடந்தது. முதலில் குரங்கு என்று நினைத்தாள். குரங்கு சர்க்கரையை எடுக்கும், சரிதான். டீ வடிகட்டியைக் கழுவி மாட்டாது. ஒரு வியாழக்கிழமை வெள்ளனே எழுந்து, சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கையில் துடைப்பக் கட்டையோடு கொல்லைக்கு நடந்தாள். மேகம் தரையோடு தவழ்ந்துகொண்டிருந்தது. ஷெட் கதவு இடுக்கில் அடுப்பின் நீலம் தெரிந்தது.

உள்ளே அரிசி மூட்டை மேல், குரங்குக் குல்லா போட்டுக்கொண்டு பாவா உட்கார்ந்திருந்தார். ஒரு கையில் டீ, இன்னொரு கையில் பன். பள்ளிவாசலிலிருந்து வந்த கையோடு நடைப்பயிற்சி போவதாகச் சொல்லி ஒரு மாதமாகிறது. நடந்த தூரம் இவ்வளவுதான்.

"இங்க என்ன சோலி ஒங்களுக்கு?"

"கரண்டு இல்ல" என்றார் பாவா.

ஜாஹிதா திரும்பிப் பார்த்தாள். வீட்டில் புதுச் சமையலறையின் விளக்குகள் எட்டும் எரிந்துகொண்டிருந்தன.

"அது லைட்டு. அடுப்பு வேற லைனு" என்றார். பிறகு தன் பங்குக்கு, "நீ எதுக்கு இந்நேரம் இங்க வந்த?" என்று கேட்டார்.

"கொரங்கு வந்துச்சோன்னு பாக்க."

பாவா சுற்றிலும் பார்த்தார். பலகை மேல் உரித்த மலைப்பூண்டு, ஈரத் துணியில் சுற்றிய கருவேப்பிலை, கழுவிக் கவிழ்த்த ஆறு சட்டி. "கொரங்கு பூண்டெல்லாம் உரிச்சு வச்சிருக்கு போல" என்றார்.

பாவாதான் முதலில் உடைந்தார்.

"எதத் தொட்டாலும் கீ கீங்குது ஜாஹிதா. பூட்டிக்கிருது. ஒரு டீ போட எனக்கு அனுமதி குடுக்க மாட்டேங்குது. காலித்துக்கு போன் போட்டு ஒருநா கேட்டேன். அஞ்சு செகண்டு அமுக்குங்கன்னான். அமுக்குனேன். கரண்டே போயிருச்சு."

ஜாஹிதா துடைப்பக் கட்டையைச் சுவரில் சாய்த்து வைத்தாள். கோபம் வரும் என்றுதான் எதிர்பார்த்தாள். வந்தது என்னவோ சிரிப்பு. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பாவா பன்னைக் கையில் வைத்துக்கொண்டு அவள் சிரித்து முடிக்கும் வரை காத்திருந்தார்.

"நானும் ஒரு நாள் கூட அதுல முழுசாச் சமைக்கலங்க. சுத்திச் சுத்தித் தல கிறுகிறுங்குது. எல்லாம் இங்கதேன்."

"அப்ப அந்த மஞ்சக் கறை?"

"நாந்தேன் தடவுறது."

பாவா பன்னைக் கீழே வைத்தார். "எம்புட்டு வேல" என்றார். அது அனுதாபமா வியப்பா என்று அவளுக்குப் பிடிபடவில்லை.

"ஒங்க மேல மட்டும் தப்பு சொல்ல மாட்டேன்" என்றாள். "படத்தப் பாத்து நானும் மயங்கித்தேன் கெடந்தேன். லெட்சுமி அன்னைக்கே கேட்டா. நாந்தேன் டீயக் குடின்னு வாய அடைச்சேன்." இருபது வருடம் ஊரில் எத்தனையோ வீட்டுச் சமையலறைகளுக்குக் கலவை தூக்கிய ஒருத்தி. அவள் கடைசியாகக் கேட்ட இரண்டு கேள்விக்கும் பதில் சொல்ல அங்கே ஒருவருக்கும் வக்கில்லை.

பாவா இன்னொரு கிளாஸை எடுத்து அவளுக்கு டீ ஊற்றினார். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் அவர் கையால் அவள் குடித்த முதல் டீ. சர்க்கரை அதிகம். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

அந்த வாரமே காலித் போனில் கூப்பிட்டான். பெருமாள்மலையில் ஹோம்ஸ்டே நடத்தும் ஒரு மேடத்துக்குச் சமையலறை கட்ட வேண்டுமாம், ஞாயிற்றுக்கிழமை கூட்டிவருகிறானாம், மாடலுக்குக் காட்ட இதைவிட நல்ல கிச்சன் மலையில் கிடையாதாம். பாவா மாட்டேன் என்று சொல்ல நான்கு முறை வாயைத் திறந்தார். நான்கு முறையும் "சரி மாப்ள" என்றுதான் வந்தது.

வந்த பெண்மணியின் பெயர் ஜெயா. ஐம்பது வயதிருக்கும். காலில் கான்வாஸ் ஷூ, கையில் ஒரு நோட்டு. பேசுவதைவிடப் பார்ப்பது அதிகம். காலித் டிராயர்களை ஒவ்வொன்றாக இழுத்து, அவை சத்தமில்லாமல் மூடிக்கொள்வதைக் காட்டினான்.

"கட்டி எவ்வளவு நாளாச்சு?" என்று கேட்டார் ஜெயா.

"ரெண்டு மாசம் மேடம்."

"தினமும் ஆறு பேருக்குச் சமைக்கிறதாச் சொன்னீங்களே. புதுசு மாதிரியே இருக்கு."

"அக்கா அவ்வளவு நீட்டா மெயின்டெயின் பண்றாங்க" என்றான் காலித்.

ஜெயா தீவைச் சுற்றி ஒருமுறை நடந்தார். சிங்க்கில் கை வைத்துப் பார்த்தார். பிறகு ஜாஹிதாவிடம் நேராகத் திரும்பினார். "நீங்க சொல்லுங்க. இதுல நின்னு சமைக்க வசதியா இருக்கா?"

பாவா தொண்டையைச் செருமினார். காலித் புன்னகையை இன்னும் கொஞ்சம் அகலமாக்கினான். ரொம்ப வசதிங்க என்ற வார்த்தை ஜாஹிதாவின் நாக்கில் தயாராக இருந்தது. இரண்டு மாதமாகச் சொல்லிச் சொல்லிப் பழகிய வார்த்தை. ஆனால் இந்தப் பெண் நாளைக்குத் தன் பணத்தைப் போட்டு, ஒரு தீவைக் கட்டி, வாழ்நாள் முழுவதும் அதைச் சுற்றி வருவாள்.

"டீ குடிக்கலாம் வாங்க" என்று அவரைக் கொல்லைக்குக் கூட்டிப் போனாள்.

ஷெட்டுக்குள் நுழைந்ததும் ஜெயா நோட்டை மூடினார். பலகைக்கு முன்னால் போய் நின்றார். இடது கையை நீட்டினார், குழாய் வந்தது. வலது கையை நீட்டினார், அடுப்பு வந்தது. நிமிர்ந்தார், உப்பு டப்பா மூக்குக்கு நேரே இருந்தது. காலை ஓரடி கூட நகர்த்தவில்லை.

"சமையல் இங்கதானா?"

"இங்கதேன். அது படம் புடிக்க" என்றாள் ஜாஹிதா.

"இதை யார் பிளான் பண்ணது?"

"லெட்சுமி."

"லெட்சுமி யாரு, இன்டீரியர் கம்பெனியா?"

ஜாஹிதா ஒரு நொடி யோசித்தாள். "ஆமா. மாட்டுப்பட்டி ரோட்டுல இருக்காங்க. நம்பர் தரேன்" என்றாள்.

அவர்கள் டீ குடித்து முடித்து வரும்போது காலித் பாவாவுக்கு ஒரு டிராயரை மூடிக் காட்டிக்கொண்டிருந்தான். பாவா மிகுந்த கவனத்தோடு பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜெயா லெட்சுமியைத்தான் கூப்பிட்டார். காசிநாதன் கொத்தனார் கூடப் போனார், கலவை போட. காலித்துக்குக் கொஞ்ச நாள் வருத்தம் இருந்தது. சாஹிரா போனில் பேசும்போது குரல் இரண்டு ஸ்வரம் கீழே இறங்கியிருந்தது. ஆனால் அறிவாளி எதையும் வீணாக்க மாட்டான். அடுத்த மாதம் அவன் அனுப்பிய விளம்பரப் படத்தில் புதிதாக ஒரு வரி சேர்ந்திருந்தது: 'ஹில் ஸ்டைல் காம்பாக்ட் அவுட்டோர் கிச்சன் - எங்கள் சொந்த கான்செப்ட்.' ஜாஹிதா அதற்குக் கட்டைவிரல் ஒன்றை அனுப்பி வைத்தாள்.

வெள்ளைக் கல்லை என்ன செய்வது என்பது தானாகவே தீர்ந்தது. சில்லென்று, வழவழவென்று, இடுப்பளவில், நான்கு பக்கமும் ஆள் நிற்க இடத்தோடு அகலமாகக் கிடந்தது. சாக்லேட் வெட்டிப் பொட்டலம் போட அதைவிட நல்ல மேசை உலகத்தில் இல்லை. கடைப் பெண்கள் இருவர் காலையில் வந்து அதைச் சுற்றி நின்று வேலை பார்த்தார்கள். இருபத்திரண்டு டிராயரிலும் காகிதமும் ரிப்பனும் நிறைந்தன. பாவா வருகிறவர்களிடம், முதலிலிருந்தே தன் திட்டம் இதுதான் என்று சொல்ல ஆரம்பித்தார். யாரும் மறுக்கவில்லை.

ஜனவரியில், ஜெயாவின் வேலை முடிந்ததும், தகரத்தைப் பிரித்துவிட்டு ஷெட்டைச் செங்கல் சுவராக எழுப்ப லெட்சுமி வந்தாள். இந்தத் தடவை காசிநாதன் வாசலில் நின்றார். அவள் உள்ளே நின்றாள்.

ஜாஹிதா முதலில் டீயை நீட்டவில்லை. "அன்னைக்கு நீ கேட்டதுக்கு நான் பதில் சொல்லாம வுட்டுட்டேன் லெட்சுமி. தப்புதேன்" என்றாள்.

"அது கெடக்கட்டும்க்கா" என்றாள் லெட்சுமி. அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை, ஆனால் தலைத்துணியை அவிழ்த்து உதறி மறுபடியும் கட்டிக்கொண்டாள். "வெயில் இருக்கப்பவே அளந்துருவம். ஒரு வேளைச் சமையல சும்மா செஞ்சு காட்டுங்க. மீனாணம் வைங்க."

"சட்டி இல்லாமயா?"

"இருக்கிற மாதிரி வைங்க."

ஜாஹிதாவுக்கு வெட்கமாக இருந்தது. இருந்தாலும் வெறுங்கையால் மீனை அலசினாள். வெறும் காற்றில் வெங்காயம் நறுக்கினாள். புளி கரைத்தாள். இல்லாத அடுப்பைப் பற்றவைத்து, இல்லாத சட்டியை இறக்கினாள். அவள் கை போகிற இடத்திலெல்லாம் லெட்சுமி குனிந்து செங்கல் துண்டால் தரையில் கோடு இழுத்தாள். "இப்ப மீன் செதில எங்க போடுவீங்க?"

ஜாஹிதா கையிலிருந்த இல்லாத செதிலோடு யோசித்துவிட்டு இடப்பக்கம் திரும்பினாள். அங்கே, இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, ஒரு யோசனை சொல்லத் தயாராக பாவா நின்றிருந்தார்.

"பாய், கொஞ்சம் தள்ளிக்கங்க" என்றாள் லெட்சுமி. "நீங்க நிக்கிற எடந்தான் குப்பைக் கூடைக்கு."

பாவா இரண்டடி தள்ளி நின்றார். லெட்சுமி அவர் நின்ற இடத்தைச் சுற்றி ஒரு வட்டம் போட்டாள்.